திரும்பி ஓடும் நதி

கடலை நாடி ஓடுவதே நதியின் சுபாவம் என்று நாம் எண்ணிப் பழகியிருக்க, வருஷத்தில் சில மாதங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, தான் புறப்பட்ட ஏரியை நோக்கியே திரும்பிப் பாயும் நதி ஒன்று கம்போடியாவில் இருக்கிறது. தொன்லே சாப் என்பது அதன் பெயர். ஏரிக்கும் அதே பெயர்தான்.

இந்த அதிசயத்துக்குக் காரணம் மீகாங் மகாநதி. திபெத்தியப் பீடபூமியில் உற்பத்தியாகித் தெற்கே இறங்கும் மீகாங், தலைநகரான புனோம் பென்னில் தொன்லே சாப் நதியைச் சந்திக்கிறது. பருவமழை வலுத்து அதன் மட்டம் ஏறியதும், அத்தனை வெள்ளத்தையும் கடலுக்குக் கொண்டுபோகக் கீழேயுள்ள கிளைகளால் இயலாமையால், மிஞ்சிய ஜலம் சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சிறிய நதியின் வழியே எதிரேறி ஏரியில் சேருகிறது. கோடையில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில், பல இடங்களில் மார்பளவுகூட ஆழமின்றிக் கிடக்கும் ஏரி, அப்போது நான்கைந்து மடங்கு விஸ்தீரணமாகி, கரையோரக் காடுகளை உச்சிக் கிளை வரை மூழ்கடிக்கிறது. மூழ்கிய மரங்களின் வேர்களுக்கிடையே மீன்கள் இரை தேடிக் கொழுக்கின்றன. மழை ஓய்ந்து நதி மறுபடி தெற்கே திரும்புகையில், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் தலைநகரில் படகுப் பந்தயங்களோடு ஜலத் திருவிழா நடக்கிறது.

கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர்கள் இந்த ஏரிக்கு வடக்கே குடியேறியது தற்செயல் அன்று. வடக்கே குலேன் மலை, தெற்கே ஏரி. இரண்டுக்கும் நடுவே, வெள்ளம் எட்டாத சரிவில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யசோவர்மன் அங்கோர் நகரத்தை ஸ்தாபித்தான். மலையிலிருந்து வரும் நீரைத் தேக்கிவைக்க அவனும் பின்வந்தோரும் பெரும் தடாகங்களை அமைத்தனர். அவற்றுள் மேற்குத் தடாகம் 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உள்ளது. அங்கோரின் மகிமையைக் கோயில்களின் கல்லில் மட்டும் தேடுவோர் பாதியைத்தான் காண்கிறார்கள் என்பது என் துணிபு. அந்தக் கல்லைச் சுமந்த கைகளுக்குச் சோறும் மீனும் அளித்தது இந்த நீரே. அங்கோரிலுள்ள பாயோன் கோயிலின் தெற்குப் பிராகாரச் சுவரில் கடற்படைப் போரைச் செதுக்கிய சிற்பி, படகுகளுக்கு அடியில் மீன்களையும், நீரில் விழுந்த வீரனைக் கவ்வும் முதலையையும் விட்டுவிடவில்லை. 1296-ல் அங்கு வந்த சீனத் தூதர் சௌ தாகுவானும், நெடுமரங்கள் நுனி மட்டும் தெரிய மூழ்குவதையும், கரைவாசிகள் மேட்டுக்குக் குடிபெயர்வதையும் எழுதி வைத்தார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் தலைநகர் தெற்கே பெயர்ந்து, நதிகள் கூடும் புனோம் பென்னை அடைந்தது. ஏரிவாசிகளோ அங்கேயே இருந்துவிட்டார்கள். அவர்களுடைய கிராமங்களுள் ஒன்றான கம்போங் புலுக்கில் வீடுகள் நெடிய மரக்கால்களின்மேல் நிற்கின்றன. கோடையில் ஏணி வைத்து அண்ணாந்து ஏற வேண்டிய வாசலிலேயே மழைக்காலத்தில் படகைக் கட்டலாம். மீன்பிடி காலத்தில் பெண்கள் சிறு மீன்களின் தலையைக் கிள்ளி, மிதித்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உப்பிட்டு ஜாடியில் அடைத்து, 'பிரஹோக்' என்னும் மீன் ஊறலைச் செய்கிறார்கள். கம்போடியரின் அன்றாடச் சாப்பாட்டில் அது இல்லாத நாள் அபூர்வம்.

வறட்சியும், மீகாங்கின் மேற்பகுதியில் பெருகிவரும் அணைகளும் சேர்ந்து இந்த நீரின் கிரமத்தை இப்போது குலைத்து வருகின்றன. 2019, 2020 ஆண்டுகளில் வெள்ளம் தாமதித்தே வந்து, குறைவாகவே நிறைந்தது. அங்கோர் செல்லும் நேயர்கள் கோயில்களோடு திரும்பிவிடாமல், ஒரு நாளை இந்த ஏரிக்கென்று ஒதுக்குங்கள். கூடுமானால் நீர் நிறைந்திருக்கும் அக்டோபர் மாதத்தில் செல்லுங்கள்.