கரும்பலகையில் ஒரு பெயர்



2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், உரோமை நகரின் புனித பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர் நம் தென்கோடியிலே வாழ்ந்த தேவசகாயம். துறவு பூணாது இல்லறத்தில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் அப்பேற்றினைப் பெற்றது அதுவே முதன்முறை.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும், எங்கள் தலைமையாசிரியையான அருட்சகோதரியார், இச்செய்தியை மாணவர்க்கு எடுத்துச் சொல்லும் பணியை என்னிடம் ஒப்படைத்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்திலே ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நான் தமிழாசிரியன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி மலையேறும் குடும்பத்தில் பிறந்தவன். என் வகுப்பில் இருந்தோரும் பெரும்பாலும் அத்தகையோரே. பிறர் வீட்டு மங்கலத்தைப் பற்றி நான் என்ன பேசுவது என்று தயங்கினேன்.

தமிழாசிரியனுக்குத் தெரிந்த வழி சொல்லாராய்ச்சிதான். கரும்பலகையில் ‘இலாசர்’ என்று எழுதினேன். எபிரேய மூலத்திலிருந்து வந்த அப்பெயருக்கு ‘கடவுள் துணைபுரிந்தார்’ என்பது பொருள். அதன் கீழே ‘தேவசகாயம்’ என்று எழுதினேன். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொண்டார்கள்.

பிறகு கதைக்கு வந்தேன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மர் காலத்தில் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தார். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். தோற்றவரிடம் வென்றவர் பாடம் கேட்டது வியப்பல்லவா? 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் ஒன்றாகப் பழகினார். 1749-இல் சிறைப்பட்டார், எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர், 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். தண்டனையின் காரணம் மதமா, அரசியலா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்த கருத்துடையவர் அல்லர். அதையும் நான் மறைக்கவில்லை.

அப்பொழுது ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, நீலகண்ட பிள்ளை என்றீர்கள். பலகையில் தேவசகாயம் என்று மட்டும் இருக்கிறதே?”

உரோமையில் அறிவிக்கப்பட்ட பெயரிலும் ‘பிள்ளை’ இல்லை என்றேன். சாதியைப் பொருட்படுத்தாதவரின் பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்த்தல் ஆகாது என்று முறையீடு எழுந்தது. திருச்சபை அதை ஏற்றது.

“அப்படியானால் கோயிலுக்குள்ளே சாதி பார்க்கமாட்டார்களா, ஐயா?”

மெல்லிய குரலில்தான் கேட்டான். ஆனால் வகுப்பு முழுவதும் அசைவற்றுப் போயிற்று. பின்வரிசையில் இரு பிள்ளைகள் தலை குனிந்ததைக் கண்டேன். நல்ல செய்தி சொல்லவந்த நாளில் இது வேண்டாமே என்று ஒரு கணம் நினைத்தேன். அருட்சகோதரியாரும் வாயிலருகில் நின்றிருந்தார். ஆயினும் சொன்னேன். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த கோவிலில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் அமரும்படி இடையிலே தடுப்பு இருந்தது. 1910-ஆம் ஆண்டளவில் குருமார் அதை அகற்றினர். அதை மீண்டும் எழுப்பவேண்டும் என்று சிலர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுக்கு இணங்கவில்லை.

உள்ளே வந்த அருட்சகோதரியார், “இன்னும் சில ஊர்களில் கல்லறையில்கூடச் சுவர் நிற்கிறது, பிள்ளைகளே” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வட்டாரம் 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இன்றும் பலர். மணி அடித்தபின், அவர்களுள் ஒருத்தி பலகையருகே வந்து, தேவசகாயம் என்ற பெயரைத் தெலுங்கு எழுத்தில் கீழே எழுதினாள். கேள்வி கேட்டவன் துடைப்பானைக் கையில் எடுத்தான், சற்றே நின்றான், துடைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.