செயலாளர் பணியும் காக்கும் கடமையும்

(விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)

 

‘செக்ரட்டரி’ என்னும் ஆங்கிலச் சொல், மறைபொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிறர் அறியாது காக்கவேண்டியவற்றை நம்பி ஒப்படைக்கத் தக்கவர் என்பதே அதன் பழம்பொருள். தமிழில் வழங்கும் ‘செயலாளர்’ என்னும் சொல்லோ செயலை ஆள்பவர் என்று பொருள்படுகிறது. காத்தலும் ஆளுதலும் ஒருங்கே அமைந்த பணி இது. இவ்விரு கடமைகளும் நாள்தோறும் சோதிக்கப்படும் இடங்களுள் ஒன்று கல்வித் தொழில்நுட்பத் துறையாகும்.

கருவிகளின் வழியே கல்வியைக் கொண்டுசெல்லும் முயற்சி இந்நாட்டிற்குப் புதியதன்று. 1975ஆம் ஆண்டிலேயே செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு சென்றது. 2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2004இல் கல்விக்கெனவே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017இல் ஸ்வயம், தீக்ஷா ஆகிய தளங்கள் வந்தன. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே பல வீடுகளில் வகுப்பறையாயிற்று.

இத்துறையில் பாடம் தயாரிப்போரும் மென்பொருள் எழுதுவோரும் பலர் கண்ணில் படுவர். நிர்வாகச் செயலாளர் படுவதில்லை. எனினும் பள்ளிகளோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளை நினைவில் வைத்திருப்பவர் அவரே. ஆசிரியர் பயிற்சிக்கு நாள் குறித்தல், கூட்டக் குறிப்பு எழுதுதல், விலைப்புள்ளி அனுப்புதல், மாணவர் பட்டியலைப் பெற்று உள்நுழைவுச் சொற்களை வழங்கச் செய்தல், ‘பாடம் திறக்கவில்லை’ என்று தொலைபேசியில் வருந்தும் ஆசிரியர்க்கு விடை கூறுதல் ஆகிய யாவும் அவர் மேசையிலேயே வந்து சேரும். காலாண்டுத் தேர்வு நாளில் ஆசிரியர் பயிற்சியை வைத்துவிட்டால், எத்துணைச் சிறந்த மென்பொருளாயினும் வெற்று இருக்கைகளுக்கே விளக்கப்படும். பள்ளியின் நாட்காட்டியை அறிந்திருப்பது இப்பணியின் முதற்பாடம்.

இத்தகைய அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் ஒரு பெண்மணியை எண்ணிப் பார்க்கலாம். கல்வியாண்டின் தொடக்கம், வேலை மிகுதி. ஒரு பள்ளியின் மாணவர் பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புகிறார். முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் கணினியே ஒரு முகவரியை நிரப்புகிறது. அதனைச் சரிபாராமல் அனுப்பிவிடுகிறார். பட்டியல் வேறொரு பள்ளிக்குச் சென்றுவிட்டது.

யாரும் இன்னும் அறியவில்லை. வாளாவிருந்தால் அறியாமலே போகவும் கூடும். அவர் அவ்வாறு இருக்கவில்லை. மேலாளரிடம் சென்று, ‘தவறு என்னுடையது’ என்றார். இரு பள்ளித் தலைமையாசிரியர்களையும் தொலைபேசியில் அழைத்து நிகழ்ந்ததைக் கூறினார். பட்டியலை நீக்கிவிடுமாறு ஒருவரை வேண்டினார்; மற்றவரின் மாணவர்க்கு அன்றே கடவுச்சொற்களை மாற்றச் செய்தார். நிகழ்ந்தவற்றை நேரத்தோடு எழுதிக் கோப்பில் சேர்த்தார். கடிந்துரை கேட்டார், அதனையும் ஏற்றார்.

சில திங்கள் கழித்து, விற்பனைப் பிரிவினர் அவரிடம் வந்தனர். எட்டாம் வகுப்பு மாணவரின் பெயர்களையும் பெற்றோர் தொலைபேசி எண்களையும் ஒரு தனிப்பயிற்சி நிலையத்திற்குக் கொடுக்கவேண்டும் என்றனர். ‘ஒரு எக்செல் கோப்புதானே!’ என்றார் ஒருவர். அவரோ, ‘இப்பட்டியல் பாடத்தளத்தில் நுழைவதற்காகப் பள்ளி நம்பித் தந்தது, வேறு பயனுக்குப் பெற்றோர் இசையவில்லை’ என்று எழுத்தில் விடையளித்து, மேலாளர்க்கும் படி அனுப்பினார். பட்டியல் போகவில்லை. அத்திங்கள் விற்பனை இலக்கு நிறைவேறவில்லை. சிலர் அவரோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டனர். பாராட்டு எதுவும் கிட்டவில்லை. தம் கைத்தவறால் ஒரு பட்டியல் வழிமாறியபோது உற்ற கலக்கத்தை அவர் மறக்கவில்லை; ஆதலால் அறிந்தே ஒரு பட்டியலை வழிமாற்ற அவரால் இயலவில்லை.

அவர் மனம் உணர்ந்ததையே சட்டமும் கூறுகிறது. 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரைச் சிறார் எனக் கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளுமுன், சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் இசைவைப் பெறவேண்டும் என்பது அதன் பொதுவிதி. சிறாரைக் குறிவைக்கும் விளம்பரத்தை அது விலக்குகிறது. சிறார்க்குரிய கடமையில் தவறும் நிறுவனத்திற்கு 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. சட்டம் தாளில் உள்ளது. அதனை நடைமுறைப்படுத்தும் விரலோ ‘அனுப்புக’ என்னும் பொத்தானின்மேல் உள்ளது.

இப்பணியை நாடும் இளைஞர்க்குச் சில சொற்கள். தட்டச்சில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொல்லும், முதுநிலைக்கு 45 சொல்லும் வேண்டும். அப்பயிற்சி இன்றும் பயன்தரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையற்ற கடிதம் எழுதவும், கணக்குத்தாளை ஒழுங்குறக் கையாளவும் பழகுக. கூட்டத்தில் பேசப்பட்டதையே குறிப்பில் எழுதுக. தலைவர் விரும்புவதை அன்று. அனுப்புமுன் முகவரியை மும்முறை நோக்குக. தவறு நேர்ந்தால் அன்றே உரைத்திடுக. தேவை முடிந்த பட்டியலை, நிறுவன விதிப்படி நீக்கிவிடுக.

வீட்டுப் பொறுப்பால் இடையில் பணியை விட்ட தாய்மார்களும் இத்துறையைக் கருதலாம். குழந்தையின் பள்ளி நாட்காட்டியை ஆண்டுதோறும் பின்பற்றியவர்க்கு, அதன் பாதி முன்பே தெரிந்ததாகும்.

ஒரு குழந்தையின் பெயரும் எண்ணும் ஒரு மேசையில் வைக்கப்படும்போது, அக்குழந்தையின் பெற்றோர் அங்கே இல்லை. அவர்கள் இல்லாத இடத்தில் அவர்களுக்காக இருப்பவர் செயலாளர். இதனை உணர்ந்து பணிபுரிவோர் இச்சமூகத்திலிருந்து பலர் எழுக!