தேர் திரும்பும் இடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "உன் தொழிற்சாலை அனுபவத்தைப் பத்திப் பேசுப்பா" என்றார். எனக்குப் பிறகு பேச இருக்கும் மூன்று பேருமே தொழிற்சாலைக்காரர்கள்தான். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் கம்பெனி கேட்டுக்கு வெளியே, ஊருக்கு நடுவே இருக்கும் ஓர் இடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். அந்த இடம் ஓசூர் தேர்ப்பேட்டை.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலை மேல் இருக்கிறார். கீழே தேர்ப்பேட்டை. அங்கே கல்யாண சூடேஸ்வரர் கோயில், பச்சைக்குளம், தேர்வீதிகள். பெங்களூரிலிருந்து காரில் போகிறவர்களுக்கு ஓசூர் என்றால் ஒரு மேம்பாலமும் பத்து ஓட்டலும்தான். ஹைவேயை விட்டு உள்ளே வந்தால்தான் ஊர் தெரியும். கன்னடத்தில் 'ஹொஸ ஊரு' என்றால் புதிய ஊர். பெயரில்தான் புதுசு, ஊர் பழசு.

அங்கே ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்? விடிகாலையில் ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே இன்னொருவர் காலை ஷிப்டுக்குப் போக டீ குடித்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கு அது ராத்திரி டீ, இன்னொருவருக்கு விடிகாலை டீ. பூக்காரம்மாவிடம் ஒரு அம்மா தெலுங்கில் விலை கேட்பார், தமிழில் பேரம் பேசுவார், கட்டுப்படி ஆகவில்லை என்றால் கன்னடத்தில் அலுத்துக்கொண்டு நகர்வார். அடுத்த கடையில் உருது கேட்கும். இதற்கெல்லாம் ஒரு மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை.

1970-களில் இங்கே சிப்காட் வந்தது. 1980-ல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து உருண்டு வெளியே போனது. அசோக் லேலண்டும் டைட்டனும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே வந்துவிட்டன. மதுரைக்காரரும் திருநெல்வேலிக்காரரும் வேலைக்கு வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் வருகிறார்கள். 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

வந்தவர்களுக்கெல்லாம் ஒரு காலண்டர் உண்டு, கம்பெனி காலண்டர். அதில் போனஸ், ஆயுத பூஜை, வருடாந்திர மெயின்டெனன்ஸ் ஷட்டவுன் எல்லாம் இருக்கும். தேர்ப்பேட்டைக்கு வேறொரு காலண்டர். பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக இந்தப் பக்கத்து ரோஜா விமானம் ஏறும். மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டித் தேர். அதை ஒட்டியே யுகாதி. கோடையில் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து மாம்பழம். ஆவணியில் தெருவுக்குத் தெரு பிள்ளையார். புரட்டாசி, ஐப்பசியில் சாமந்தியும் பூசணிக்காயும் பொரியும். ஆயுத பூஜைக்கு நம் சிஎன்சி மெஷினுக்குப் போடும் மாலை இந்த வீதிகள் வழியாகத்தான் வருகிறது. இரண்டு காலண்டரும் சந்திக்கும் நாள் அது ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினியர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் தேரையே எடுத்துக்கொள்வோம். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம், ஆனால் அவர்களால் இழுக்கத்தான் முடியும். திருப்புகிறவர் முட்டுக்கட்டைக்காரர். ஓடும் சக்கரத்தின் அடியில் சரியான கோணத்தில் கட்டையைக் கொடுப்பார். சக்கரம் அதில் ஏறி வழுக்கிக் கொஞ்சம் திரும்பும். மறுபடி கட்டை, மறுபடி கொஞ்சம். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது. தேருக்கு முட்டுக்கட்டை போடவில்லை என்றால் அது நேரே யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் நிற்கும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அந்தத் தேருக்கும் முட்டுக்கட்டை இல்லாமல் வேலை நடக்காது.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிற வண்டிக்கு மூலையில் நிறைய இடம் வேண்டும். அந்த இடம்தான் தேர்ப்பேட்டை. தேர் திரும்புவதற்காக ஊர் விட்டுவைத்த இடத்தில் மீதி 364 நாளும் மனிதர்கள் நிற்கிறார்கள், விற்கிறார்கள், பேசுகிறார்கள்.

டூல் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு கோ–நோகோ கேஜ் தெரியும். துளைக்குள் கோ முனை போக வேண்டும், நோகோ முனை போகக் கூடாது; இல்லை என்றால் ரிஜெக்ட். தேர் என்பது ஊருக்கு வைத்த கேஜ். தேரோட்டம் நடக்கும் எந்த ஊரிலும் பாருங்கள், அதற்கு ஒரு வாரம் முன்னால் கடைக்காரர் நீட்டிய தகரக் கூரை உள்ளே போகும், நடைபாதையில் போட்ட படிக்கட்டு காணாமல் போகும், கம்பிகள் தூக்கிக் கட்டப்படும், கரண்ட் நிறுத்தப்படும். ஆயிரம் நோட்டீஸ் செய்யாததைத் தேர் ஒரு நாளில் செய்துவிடும். வருடம் ஒரு முறை இந்த இன்ஸ்பெக்‌ஷன் நடப்பதால்தான் பழைய ஊர்களில் நான்கு வீதியாவது அகலமாக மிஞ்சியிருக்கிறது.

கேஜை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தரை உயரும், கம்பி அங்கேயே இருக்கும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். இது சிவில், எலக்ட்ரிகல் இரண்டு துறைக்கும் பொதுவான பாடம். நமக்குப் பக்கத்தில் ஆனேக்கல் தாலுகா ஹுஸ்கூரில் 2024 ஏப்ரலில் மிக உயரமான தேர் சாய்ந்தது. 2025 மார்ச்சில் மறுபடி சாய்ந்து உயிரும் போனது. பக்தி எவ்வளவு இருந்தாலும் சென்டர் ஆஃப் கிராவிட்டி யாருக்காகவும் இறங்கி வராது.

தேர் இருக்கும் பழைய ஊருக்கு ஒரு கேஜ் இருக்கிறது. தேரே இல்லாத புதிய ஊருக்கு? சிப்காட்டைச் சுற்றி முளைத்த நகர்களைப் பாருங்கள். மனை, வீடு, ரோடு, மனை, வீடு, ரோடு. நான் குடியிருக்கும் பகுதியும் அப்படித்தான். நூறு பேர் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்றால் கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுக்க வேண்டும். பிள்ளையார் வைப்பதும் ரோட்டில், துக்க வீட்டுப் பந்தலும் ரோட்டில், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதும் ரோட்டில்.

கிருஷ்ணகிரியிலும் இதே கதைதான். அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி அந்த ஊருக்குப் பெருமை. அதைப் பல ஆண்டுகள் அரசுப் பள்ளி மைதானத்தில்தான் நடத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் இடம் கொடுக்காவிட்டால் மாம்பழத்துக்குக்கூட நிற்க இடமில்லை.

2023 பிப்ரவரி 2 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சூளகிரிப் பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைக்காத கோபத்தில் கூட்டம் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது. கல் பறந்தது, மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. அனுமதி, சட்டம் பற்றி நான் பேச வரவில்லை. கல் எறிந்ததை நியாயப்படுத்தவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கூடி நிற்கவும், குறையைச் சொல்லவும் ஊருக்குள் இடம் இல்லை என்றால் ஜனங்கள் ஹைவேயைத்தான் திடலாக்குவார்கள்.

எல்லை ஊர் என்பதால் நமக்கு இது இன்னும் முக்கியம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் நின்றபோது, ஜுஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் குழந்தையும் மூட்டையுமாக ஜனங்கள் நடந்தார்கள். அதே சாலை வழியாகத்தான் மார்ச் மாதத்தில் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் தேர் பார்க்க வருகிறார்கள். உப்பும் மிளகும் தேர் மேல் வீசி வேண்டிக்கொள்கிறார்கள். யார் எந்த மாநிலம் என்று வடத்துக்குத் தெரியாது. தினமும் மூன்று மொழியில் பேரம் பேசிப் பழகிய ஜனங்கள் சுலபத்தில் சண்டைக்குப் போக மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அந்தப் பழக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். வாட்ஸ்அப் குரூப் அதற்கு ஈடாகாது.

எனவே இரண்டு வேண்டுகோள். முதலாவது மாணவர்களுக்கு. சிவில் துறைத் தம்பி தங்கைகள் ஒரு புராஜெக்டாக, தேர் ஓடும் ஊர்களில் தேர்வீதியை அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை அகலம், கம்பியின் உயரம், ரோடு எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது, சாக்கடை மூடி எந்த எடை தாங்கும், எல்லாவற்றையும் ஒரு வரைபடமாக்கி உள்ளாட்சிக்கும் கோயிலுக்கும் கொடுங்கள். ஒரு வாரம் லெவலிங் ஸ்டாஃபோடு வெயிலில் நின்றால் போதும். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர்கள் மறுபடி அளந்தால் எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, என்னைப் போல வேலையில் இருப்பவர்களுக்கு. கம்பெனி சமூகப் பொறுப்பு நிதியில் ஊருக்கு ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்கும்போது, பெயர்ப்பலகை வைத்த நீரூற்று வேண்டாம். பழைய திடலில் நான்கு புங்கமரம், குடிதண்ணீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, இது போதும். புதிய நகரில் மனை வாங்கும்போது, "பொதுத் திடலுக்குன்னு விட்ட இடம் எங்கே?" என்று கேளுங்கள். பிளானில் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நேரில் இல்லை என்றால் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். மனை வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் அதுவே புதிய ஊருக்கு ஒரு கேஜ்.

மெஷினில் எல்லாப் பாகத்தையும் இடைவெளி இல்லாமல் இறுக்கி வைத்தால் முதல் சூட்டிலேயே பிடித்துக்கொள்ளும். ஊருக்கும் கிளியரன்ஸ் வேண்டும். அது வீணான இடம் இல்லை, ஊர் ஓடுவதற்கான இடம்.

வரும் மார்ச்சில் தேருக்கு வாருங்கள். வடம் நீளமானது, பிடிக்க எல்லோருக்கும் இடம் இருக்கிறது.