எக்காளமும் கணினியும்



மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர் என்ற முறையிலேயே இன்று உங்களுடன் பேசுகிறேன். நான் கலைப் பட்டதாரி. சங்கீத வித்துவான் அல்லன். எனினும், சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் எழுந்த ஒரு சிறு பிரச்சினை, இசை பற்றியும் கல்வி பற்றியும் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அந்தச் சிந்தனையை உங்கள்முன் வைப்பதே என் நோக்கம்.

எங்கள் பாடசாலையில் ஒரு பாண்ட் வாத்தியக் குழு உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடைக்கு அதுவே உயிர். ஆனால் அதன் ட்ரம்பெட்டுகளில் விசைகள் இறுகிவிட்டன. ட்ரொம்போன் ஒன்றின் குழாய் நெளிந்துவிட்டது. திருத்துவதற்குப் பெருந்தொகை வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவ்விடயம் வந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, தானே இயற்றிய அணிநடை இசையை ஒலிக்கச் செய்தான். ட்ரம்பெட்டுகள் முழங்கின, டியூபா அடியிலிருந்து தாங்கியது. கண்ணை மூடிக் கேட்டால், பெரிய வாத்தியக் குழுவொன்று மண்டபத்துள் வந்து நிற்பது போலவே இருந்தது. "பிறகு எதற்கு இந்தப் பழம் பித்தளைக்குச் செலவு?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். உண்மையைச் சொன்னால், அவ்வேளையில் எனக்கும் அக்கேள்வி நியாயமாகவே தோன்றிற்று.

அம்மாணவனின் கணினியில் இருந்தது என்ன? செயற்கையாக ஆக்கப்பட்ட ஒலியன்று. மனிதர் ஊதிய ஒலியே அது. தேர்ந்த கலைஞர் ஒருவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் இருத்தி, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே ஊதச் செய்து பதிந்து வைக்கிறார்கள். விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தியதும் அச்சுரத்தின் பதிவு ஒலிக்கிறது. இவ்வாறு பதிந்தெடுத்த துணுக்குகளையே இத்துறையினர் 'சாம்பிள்' என்பர். மாதிரி ஒலி என்று நாம் சொல்லலாம்.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. 1963இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் வெளிவந்த மெலோட்ரோன் என்னும் கருவியில், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒலிநாடாத் துண்டு ஒன்று இருந்தது. ஏறக்குறைய எட்டு வினாடியில் நாடா முடிந்துவிடும், ஒலியும் நின்றுவிடும். 1979இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தோன்றிய ஃபெயார்லைட் என்னும் கருவி நாடாவை நீக்கி, ஒலியை எண்களாக மாற்றிச் சேமித்தது. ஆனால் அதன் விலையோ ஒரு வீட்டின் விலை. இன்று அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த சாதனம் ஒரு மாணவனின் புத்தகப்பைக்குள் அடங்குகிறது.

பித்தளை வாத்தியங்களை இவ்வாறு பிடித்து வைப்பது எளிதன்று. அவ்வாத்தியத்தில் ஒலியைப் பிறப்பிப்பது பித்தளையன்று, ஊதுவோனின் உதடுகளே. இறுக்கிய உதடுகளினூடே மூச்சுச் செல்லும்போது அவை துடிக்கின்றன. அத்துடிப்புக்குக் குழாயினுள் நிற்கும் காற்று ஒத்திசைகிறது. ட்ரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வரும். ட்ரொம்போனின் குழாய் இரண்டே முக்கால் மீற்றர் அளவு. மென்மையாக ஊதினால் ஒலி இருண்டு கனிந்திருக்கும். பலமாக ஊதினால் கணீரென்று ஒளிரும். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஷோன் குளோட் ரிஸ்ஸே என்னும் பிரெஞ்சு அறிஞர் ட்ரம்பெட்டின் ஒலியைக் கணினியால் ஆராய்ந்து, ஊதும் வலிமை கூடக்கூட மேற்சுரங்கள் பெருகுகின்றன என்று காட்டினார். 1990களில் ட்ரொம்போனை ஆராய்ந்தவர்களோ, மிகப் பலமாக ஊதும்போது அக்குழாயினுள் அதிர்ச்சி அலையே உருவாகிறது என்று கண்டனர்.

ஆதலால் மெல்லிய ஒலியைப் பதிந்து, அதன் சத்தத்தை மட்டும் கூட்டினால் போதாது; அது தூரத்து ட்ரம்பெட்டைக் கிட்டக் கொண்டுவந்தது போல் இருக்குமேயன்றி, பலமாக ஊதியது போல் இராது. ஒவ்வொரு சுரத்தையும் பல வலிமைகளில் பதிய வேண்டும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே ஏமாற்றத்தைக் கண்டுகொள்ளும். ஆகையால் ஒவ்வொன்றையும் பலமுறை பதிய வேண்டும். வெட்டி ஊதுதல், நீட்டி ஊதுதல், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லுதல் என ஊதும் முறைகளும் பல. முப்பது சுரங்கள், நான்கு வலிமைகள், நான்கு தடவைகள், ஐந்து முறைகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வாத்தியத்துக்கே 2,400 பதிவுகள் ஆகின்றன. எத்தனை மனிதரின் எத்தனை நாள் உழைப்பு!

இதனால் விளைந்த நன்மையை நாம் மறுத்தல் தகாது. வியன்னாவையும் லண்டனையும் கண்டிராத ஒரு பிள்ளை, நான்கு ஹோர்ன்கள் சேர்ந்து ஒலித்தால் எவ்வாறு இருக்கும் என்பதைத் தன் வீட்டு விறாந்தையில் இருந்தே அறிகிறான். தாளில் எழுதிய இசையை உடனே கேட்டுத் திருத்துகிறான். முந்திய தலைமுறையில் இப்பேறு எவருக்குக் கிட்டிற்று?

இனி, எங்கள் பாடசாலைக்குத் திரும்புவோம். முடிவு செய்வதற்குமுன், முன்னாளில் எங்கள் பிள்ளைகளைப் பழக்கிய முதிய பாண்ட் மாஸ்ரரை அழைத்தேன். எழுபது வயதைக் கடந்தவர். மாணவனின் இசையை முழுவதும் கேட்டார், தாளத்துக்குத் தலையசைத்தார். "நல்லாயிருக்கு மனே" என்றார். பின்பு இசைத்தாளைக் கேட்டு வாங்கி, முதலாம் ட்ரம்பெட்டின் வரியில் விரலை வைத்து, "இந்த இடத்தில மனிசன் எங்க மூச்செடுக்கிற?" என்று கேட்டார்.

மாணவன் திகைத்து நின்றான். இருபத்துநான்கு சந்தங்கள், இடைவெளியின்றி, உச்சத் தாயியில், முழு வலிமையில் எழுதியிருந்தான். கணினி முறையிடவில்லை, அதற்கு மூச்சு வேண்டியதில்லை, உதடு வீங்குவதுமில்லை. 2,400 துணுக்குகளிலும் மனித மூச்சு இருந்தது. ஆனால் ஒரு துணுக்கின் மூச்சு மற்றத் துணுக்கை அறியாது. களைப்பைப் பதிந்து வைக்க எவராலும் இயலவில்லை.

அக்கேள்வியே என் மனத்தையும் மாற்றிற்று. ஒலி கிடைப்பது ஒன்று. ஊதப் பழகுவது வேறொன்று. கணினியை வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளை பொத்தானை அழுத்துவான். மற்றப் பதினொரு பிள்ளைகளும் நிழலில் இருந்து பார்ப்பார்கள். ட்ரம்பெட்டை ஏந்தும் பிள்ளையோ, தன் மூச்சை அளக்கவும், அருகில் நிற்பவனின் சுருதியோடு தன் சுருதியைச் சேர்க்கவும், தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு காத்திருக்கவும் கற்கிறான். பாடசாலை என்பது இவற்றைக் கற்பிக்கும் இடமன்றோ? கணினியில் ஒலிகளை எல்லாம் கையாளக்கூடிய இக்காலத்தில்தான், இசைஞானி இளையராஜா 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டன் மாநகரில் தமது சிம்பொனியை றோயல் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவினரைக் கொண்டு அரங்கேற்றினார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இன்னுமொன்று. ட்ரம்பெட்டை மாதிரி ஒலியாகப் பதிந்தவர்கள் மேல்நாட்டார். தங்கள் வாத்தியத்தை அவர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பேணுகிறார்கள் என்பதற்கு அப்பதிவுகளே சான்று. நமக்கும் காற்று வாத்தியங்கள் இல்லாமலில்லை. துளையோ விசையோ இன்றி, உதட்டின் வன்மையொன்றாலேயே சுரம் மாறும் நீண்ட எக்காளம் உண்டு; வளைந்த கொம்பு உண்டு; சங்கு உண்டு. இவற்றுள் எத்தனை, நான்கு வலிமைகளிலும் ஐந்து முறைகளிலும் பொறுமையோடு பதியப்பட்டுள்ளன?

காரைதீவில் 1892இல் பிறந்த நம் விபுலாநந்த அடிகளாரை எண்ணிப் பாருங்கள். அவர் யாழை ஆராயப் புகுந்தபோது, பழைய யாழை மீட்டுவார் ஒருவரும் உயிரோடு இல்லை. கேட்டறிய ஓர் ஒலியும் எஞ்சவில்லை. நூற்குறிப்புகளையும் கணக்கையும் பௌதிகத்தையும் துணைக்கொண்டு நெடுங்காலம் உழைத்தார். 1947இல் யாழ்நூல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகளாரும் மறைந்தார். ஊதுவோர் உயிரோடு இருக்கும்போதே ஒலியைப் பதிந்து வைப்பதன் அருமையை, யாழை இழந்த நாம் அறியாவிட்டால் வேறு எவர் அறிவார்?

பதிவு செய்வது நம் ஊருக்குப் புதிதுமன்று. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பணியாற்றிய இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளார், 1950களில் நம் வாவியின் 'பாடும் மீன்' ஒலியைப் பதிவு செய்தார். பின்னர் அஃது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. அப்பதிவால் நம் வாவியின் புகழ் பரவிற்று. ஆயினும், பதிவு இருக்கிறதே என்று வாவியைத் தூர்த்துவிட எவரும் துணியார்.

எங்கள் சங்கம் இறுதியில் இரண்டையும் தழுவிய முடிவு ஒன்றை எடுத்தது. பழைய மாணவர் சங்கத்தின் உதவியோடு வாத்தியங்கள் திருத்தப்பட்டன. மாணவன் தன் இசையைக் கணினியிலேயே மீண்டும் எழுதினான். ஆனால் இம்முறை மாஸ்ரர் பக்கத்தில் இருந்தார். நீண்ட வரியை இரண்டு ட்ரம்பெட்டுகளுக்குப் பங்கிட்டான். ஒருவன் மூச்செடுக்கையில் மற்றவன் தொடர்வான். விளையாட்டுப் போட்டியன்று அதனைப் பிள்ளைகள் வாசித்தார்கள். இரண்டோர் இடத்தில் பிசகிற்று. கணினி அவ்வாறு பிசகியிராது. ஆயினும் வாசித்து முடித்த அப்பிள்ளைகள் வியர்வையோடும் சிவந்த உதடுகளோடும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாணவனோ அவர்கள் நடுவில் நின்றான்.

இவ்விடுமுறையில் அவனுக்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறேன். கோயிற் திருவிழாவில் எக்காளம் ஊதும் பெரியவர் ஒருவரிடம் சென்று, அவர் இசைவு பெற்று, அவர் ஊதும் ஒவ்வொரு சுரத்தையும் மென்மையாகவும் பலமாகவும் பதிந்து வரவேண்டும். அதற்குமுன் அவ்வெக்காளத்தைத் தானும் ஒருமுறை ஊதிப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.