ஆஸ்திரேலியாவின் ஆட்டு ரோமமும் அது புகட்டும் பாடமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



தாங்கள் விளைவிக்கும் சரக்கிற்குத் தாங்களே விலை விதிக்கலாமா என்று நம்மிற் பலர் கேட்பதுண்டு. ஆஸ்திரேலியா தேசத்து ஆடு வளர்ப்போர் அதைச் செய்து பார்த்தவர்கள். அவர்கள் கண்ட நன்மையையும் பட்ட துன்பத்தையும் சுருக்கமாகக் கூறுகிறேன்.

அத்தேசத்திற்குச் சொந்தமாக ஆட்டினம் கிடையாது. 1797-ஆம் வருஷத்தில் தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ என்னும் ஸ்பெயின் தேசத்து ஜாதி ஆடுகள் அங்கே வந்திறங்கின. மெரினோவின் ரோமம் மெல்லியது, சுருள் நிறைந்தது. வறண்ட பூமியிலும் அது மேய்ந்து பிழைக்கும். பிற்காலத்தில் நீண்ட ரோமமுடைய லிங்கன் ஜாதியை அதனுடன் கலந்து, போல்வர்த், காரிடேல் முதலிய இனங்களையும் விருத்தி செய்தனர். ரோமம், மாமிசம் இரண்டிற்கும் உகந்தது காரிடேல்.

கத்தரித்த ரோமத்தை அவர்கள் ஒன்றாகக் கலந்து கட்டுவதில்லை. மேஜையின் மேல் விரித்து, அழுக்கேறிய ஓரங்களை நீக்குவர். வயிற்று ரோமத்தைத் தனியே வைப்பர். மென்மை, நீளம், உறுதி ஆகியவற்றைப் பார்த்துத் தரம் பிரிப்பர். பொதிதோறும் பண்ணையின் பெயரும் தரமும் குறிக்கப்படும். வாங்குவோருடைய நம்பிக்கைக்கு இதுவே அஸ்திவாரம்.

விலை வீழ்ச்சியினின்று காப்பதற்காக 1974 முதல் ஒரு திட்டம் நடந்துவந்தது. ஏலத்தில் விலை குறிப்பிட்ட அளவிற்குக் குறைந்தால், ரோமக் கார்ப்பொரேஷனே வாங்கிக் கிடங்கில் வைத்து, விலை ஏறியபின் விற்கும். வளர்ப்போர் செலுத்திய வரிப்பணமே அதற்கு மூலதனம். பல வருஷங்கள் அது நற்பயன் அளித்தது. 1988-ல், விலை உச்சத்திலிருந்த வேளையில், சுத்தம் செய்த ரோமம் கிலோவுக்கு 870 சென்ட் என்று ஆதார விலையை உயர்த்திவிட்டனர். அப்பால் சீனாவும் சோவியத் தேசமும் வாங்குவதைக் குறைத்தன. நல்ல விலையை நம்பி மந்தைகளோ பெருகின. கார்ப்பொரேஷன் கடன்பட்டும் வாங்கிற்று. 1991 பிப்ரவரியில் திட்டம் நின்றபோது சுமார் 47 லட்சம் பொதிகள் தேங்கிக் கிடந்தன. விற்றுத் தீர்க்க 2001 ஆயிற்று. விலைபோகாத ஆடுகளை லட்சக்கணக்கில் சுட்டுக் குழியிலிட்டனர். சுமார் 17 கோடியாயிருந்த ஆடுகள் பின்னாளில் பாதிக்கும் கீழாயின.

இதனால் கூடி விற்பது தவறென்று ஆகாது. தரம் பிரிக்கும் முறை இன்றும் அவர்களைக் காத்துவருகிறது. வாங்குவோனுடைய நிலையைக் கருதாமல் விலை விதித்ததே தவறு. ஆகையால், நம் சங்கம் சரக்கை இருப்பு வைக்க எண்ணும்பொழுதெல்லாம், எவ்வளவு, எத்தனை நாள், எவர் பணத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் விடை கண்டுகொள்வோமாக.