மண்ணும் காற்றும் கையும்



பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்த, குளிர்ந்த மணமுள்ள தேறலை நாள்தோறும் அருந்தி மகிழ்வாயாக என்கிறார். புறநானூற்றின் 56ஆம் பாடலில் வரும் செய்தி இது. இதனை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1945இல் மோர்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. கள்ளுக்குப் பஞ்சமில்லாத நாட்டிற்கு அந்நியத் தேறல் எதற்கு? அதன் சுவை இந்த மண்ணில் விளையாது என்பதனாற்றான் என்று நான் எண்ணுகிறேன்.

நிலமும் காலநிலையும் பரம்பரைப் பயிற்சியும் கூடி முந்திரிகை மதுவுக்குத் தரும் தனிக்குணத்தைப் பிரெஞ்சு மக்கள் ‘தெருவார்’ என்பர். நமக்கு இது புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே தோன்றுவன கருப்பொருள், மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. கவிதைக்குச் சொன்ன இலக்கணம் கிண்ணத்துக்கும் பொருந்துகிறது.

யாழ்ப்பாணத்திலும் முந்திரிகை காய்க்கிறது. எனினும் மண்ணின் பெயரால் உலகம் அறிந்த நமது பானம் தேநீரே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நாட்டிய செடி, மலைக்கு மலை வேறு சுவை தருகிறது. ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி ஊவாவில் வறண்ட கச்சானாக வீசும். அப்போது கொழுந்து மெதுவாக வளரும், மணம் செறியும். திம்புள்ளைக்கு அந்தப் பேறு தை, மாசியில் வாய்க்கிறது.

ஆனால் கச்சான் காற்று கொழுந்து கிள்ளாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும் விரல் வேண்டும். ஸ்டோரில் வாட்டி, அரைத்து, புளிக்கவைத்த இலையை எப்போது அடுப்புக்கு அனுப்புவது என்று முகர்ந்தே அறியும் மூக்கும் வேண்டும். பிரான்சின் பேர்கண்டியில் 12ஆம் நூற்றாண்டு முதல் திராட்சை வளர்த்த சிஸ்டேர்சியன் துறவிகளை இன்றும் மதுவோடு சேர்த்தே நினைக்கிறார்கள். இங்கே யாரை நினைக்கிறோம்?

நான் வாழும் தெமட்டகொடை வழியாகவே மலைநாட்டு ரயில் பாதை செல்கிறது. 1885இல் அது நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. 1883இல் கொழும்பில் தொடங்கிய ஏலத்திற்குத் தேயிலைப் பெட்டிகள் இவ்வழியே இறங்கின. பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர் இருந்தது. கொழுந்து கிள்ளியவள் பெயர் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமோ அவளை நாடற்றவளாக்கிற்று. அவள் கிள்ளிய இலை ‘சிலோன்’ என்ற பெயரோடு கடல் கடந்தது; அவளுக்கு அந்தப் பெயரில் உரிமை இருக்கவில்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இற்றான் வந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பெட்டியில் எழுதப்படாத பெயர்களுக்கு இலக்கியம் செய்த கைம்மாறு அது.

முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது என்பது தொல்காப்பிய உரைகாரர் துணிபு. தேநீரின் சுவையைப் புகழும்போது மண்ணையும் காற்றையும் சொல்வோம். அவற்றினும் சிறந்தது கிள்ளிய கை என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.