கணிப்பொறியின் ஏடு

திருவனந்தபுரம் ஸ்ரீ பத்மநாபசுவாமி ஆலயத்தின் நடவடிக்கைகளை முன்னோர் ஓலையில் எழுதிவைத்தனர். மதிலகம் ஆவணங்கள் எனப்படும் அவ்வோலைகளால், நாம் நேரிற் காணாத காலத்துச் செய்திகளையும் அறிகிறோம். அதே நகரில் 1990-ஆம் ஆண்டு தோன்றிய டெக்னோபார்க்கில் பணிபுரியும் தமிழ் இளைஞர்களுக்கும் இத்தகைய ஏடு ஒன்று நாள்தோறும் வேண்டியிருக்கிறது. அதனை 'லாக்' என்பர். பதிவேடு என்று நாம் சொல்லலாம்.

முன்னர் ஒரு சர்வரை அமைப்பவர் அருகிலிருந்து கட்டளைகளை ஒவ்வொன்றாக இடுவார்; பிழை நேர்ந்தால் கண்ணெதிரே தெரியும். இன்றோ கட்டளைகளை முன்கூட்டியே எழுதி ஒப்படைத்து விடுகிறோம். ஒருவரும் பாராத வேளையில் சர்வர் தன்னைத் தானே அமைத்துக்கொள்கிறது. ஆதலால் பிழைக்குச் சாட்சி பதிவேடு ஒன்றே.

அது எங்கே கிடைக்கும்? லினக்ஸ் சர்வர்களில் 'வார்' என்னும் பிரிவுக்குள் 'லாக்' என்னும் உட்பிரிவு உண்டு. சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட் என்ற கருவி அங்கு இரண்டு ஏடுகளை எழுதுகிறது. 'கிளவுட்-இனிட் லாக்' கருவியின் செயல்களைக் குறிப்பது. 'கிளவுட்-இனிட்-அவுட்புட் லாக்' நம் கட்டளைகள் தந்த விடைகளைக் குறிப்பது. முன்னதை மட்டும் படித்துவிட்டுப் பிழையில்லை என்று முடிவு செய்தல் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணிபுரிந்த ஓரிடத்தில் ஓரிரவு இரண்டு மணிக்கு அமைத்த சர்வர் இயங்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து புதிதாக வந்திருந்த இளைஞர்மேல் பழி விழுந்தது. அவர் ஏட்டைத் திறந்தார். இரண்டு மணிக்கு நேராக ஒரு வரியும் இல்லை. "தம்பி, சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் ஐந்தரை மணி முந்தியது. முந்தின நாள் 20.30-ஐப் பாருங்கள்" என்றோம். பார்த்தார். இணையச் சேவை தொடங்கவில்லை என்றது கடைசி வரி. அதற்கு வெகு மேலே, வலைத்தொடர்பு கிட்டாமையால் மென்பொருளை இறக்க இயலவில்லை என்ற வரி இருந்தது. அதுவே மூலகாரணம், இளைஞரின் கட்டளைகளில் குற்றமில்லை.

ஆகவே, கடைசிப் பிழையில் நின்றுவிடாமல் முதற் பிழையைத் தேடுக. பழுதான சர்வரை அழித்து மீண்டும் அமைக்குமுன் ஏட்டைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்க. சர்வர் அழிந்தால் அதிலுள்ள ஏடும் அழியும். அயலூரில் தனித்து நின்று உழைப்பவருக்கு அவர் பக்கம் பேசும் சாட்சி அதுவே.